மாதமொரு பேஷியல்: முகத்தில் நிலைப்பது என்ன?

அழகு நிலையம் என்றால் வசதியான பெண்கள் போகும் இடம் என்ற எண்ணம் தோட்டப்புறங்களில் மாறி வருகின்றது. கொழுந்து எடுக்கும் பெண்களும், றப்பர் பால் வெட்டும் பெண்களும், ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் அவர்களது பிள்ளைகளும் சம்பளம் கிடைத்ததும் இறக்குவானை நகருக்கு வந்து பேஷியல் செய்துகொள்கின்றனர். "மாசம் ஒரு தடவ செஞ்சிக்கிட்டா பத்து வருசத்துக்கு மொகம் அப்புடியே இருக்குமாமே மிஸ், நெசமா?" என்ற கேள்வியை நான் பெண்கள் குழுக்களில் பல தடவை கேட்டிருக்கிறேன். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவாக்கப்பட்டது. பேஷியல் ஒன்றுக்கு இரண்டு மூன்று நாள் உழைப்பு போய்விடும். ஆகவே இந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டு விட முடியாது.

பேஷியலில் நடப்பது இதுதான். முகத்தைச் சுத்தம் செய்து, ஆவி பிடித்து, இறந்த தோலைத் தேய்த்து எடுத்து, மூக்கோரத்துக் கரும்புள்ளிகளை நீக்கி, மசாஜ் செய்து, கடைசியில் பேக் போடுவார்கள். நமது மேல்தோல் இளம் வயதில் ஏறக்குறைய 28 நாட்களுக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுகின்றது. வயது ஏற ஏற அது தாமதமாகும். மாதமொரு தடவை என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். முகத்தில் ஈரப்பசை ஏறிப் பளபளப்புத் தெரிவது உண்மை. ஆனால் அது சில நாட்களுக்கே. மசாஜ் இரத்த ஓட்டத்தைக் கூட்டுகின்றது. ஜப்பானில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நிமிடம் உருளையால் முகத்தை நீவியபின் கூடிய இரத்த ஓட்டம் குறைந்தது பத்து நிமிடம் நீடித்ததாகக் கண்டனர். பத்து நிமிடம், பத்து வருடமல்ல.

பத்து வருடத்துக்கு முகத்தைக் காப்பது நிழல். அமெரிக்காவில் 28 வருடம் லொறி ஓட்டிய ஒருவரின் படம் 2012இல் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியானது. யன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தொங்கிச் சுருங்கிப் போயிருக்க, வலது கன்னம் பல வருடம் இளமையாக இருந்தது. ஒரே மனிதன், ஒரே முகம்! அவுஸ்திரேலியாவில் 903 பேரை வைத்து நாலரை வருடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் மற்றவர்களைவிட 24 வீதம் குறைவாக மூப்படைந்திருந்தது. சன்ஸ்கிரீனுக்கும் காசு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கூடைக் கயிற்றுக்காகத் தலையில் போடும் துணியை நெற்றிக்கு முன்னால் கொஞ்சம் இழுத்துவிட்டால் அதற்குச் செலவில்லை. கன்னத்தில் விழும் மங்கு கர்ப்ப காலத்தாலும் கருத்தடை மாத்திரையாலும் வரலாம். அதை வளர்ப்பது வெயில். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்த்தால் இன்னும் கறுக்கும்.

இந்த மங்கைக் காட்டித்தான் லேபல் இல்லாத சிறு டப்பாக்கள் விற்கப்படுகின்றன. எனக்குப் பேஷியலில் பயமில்லை. அதன் பின்னால் கைப்பையில் ஏறி வீட்டுக்கு வரும் இந்த வெள்ளையாக்கும் கிரீமில்தான் பயம். சிலவற்றில் பாதரசம் இருக்கின்றது. தோலின் நிறப்பொருள் உருவாகாமல் தடுப்பதால் இரண்டு வாரத்தில் முகம் வெளுக்கும், பெண்ணும் மகிழ்ந்து போவாள். அது தோல் வழியே சிறுநீரகத்துக்குப் போகும், வயிற்றிலுள்ள குழந்தைக்கும் போகும். கேரளாவின் கோட்டக்கலில் 2021–2023 காலத்தில் ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோய் கண்ட 15 பேரில் 13 பேர் இத்தகைய கிரீம் பூசியவர்கள். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் 2017இல் சேர்ந்தது. 2025க்குள் பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை முற்றாக நிறுத்துவதென 2023இல் அதன் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. ஆனால் டப்பாக்களுக்கு உடன்படிக்கை தெரியாது. ஸ்டீரொய்ட் கலந்தவை வேறு உள்ளன. அவை தோலை மெலிய வைத்து, நிறுத்தியதும் முகத்தைச் சிவக்க வைக்கும். பெயரும் முகவரியும் இல்லாத கிரீமைக் கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். (சபரகமுவத் தோட்டங்களில் பிறந்த எவருக்கும் அந்த எண் மறக்காது.)

அந்த 1977லும், பிறகு 1983லும் நடந்த கலவரங்களால் இந்தத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. அங்கும் யுத்தம் அவர்களை விடவில்லை. இந்த இதழை வாசிக்கும் சகோதரிகளில் சிலரும் அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் 2009இல் கணவரை இழந்து, இறக்குவானைப் பக்கம் அக்காவின் லயத்துக்கு வந்து சேர்ந்தவர். உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்காக வற்புறுத்திப் பேஷியலுக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணின் மேல் ஈரத்துணியை வைத்து விளக்கை அணைத்ததும் அவருக்குப் பங்கர் ஞாபகம் வந்து, உடம்பெல்லாம் நடுங்க எழுந்துவிட்டார். செய்த பிள்ளை நல்ல பிள்ளை. துணியை எடுத்து, கதவைத் திறந்து வைத்து, சாய்ந்து உட்கார வைத்துத் தொடர்ந்தாள். அதன்பின் வருடத்தில் மூன்று நாலு தடவை அவர் தானாகவே போகிறார். "எம் மொகத்த ஒருத்தர் பதமா தொட்டு எத்தன வருசமாச்சி மிஸ்" என்றார். புருஷன் இல்லாதவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று லயத்தில் பேச்சு வந்தது. விதவையின் முகத்தை ஊர் தன் சொத்தாக நினைப்பது நமது சமூகத்தின் பழைய வியாதி. அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒழுங்காகப் போவதால் நீண்ட காலத்தில் கிடைக்கும் பெரிய நன்மை இந்தத் தொடுகை என்றுதான் நான் நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. ஒரே ஆள் உங்கள் முகத்தைத் திரும்பத் திரும்பக் கிட்டத்தில் பார்க்கிறார். ஆறாத புண்ணையோ, வளரும் மறுவையோ, தொட்டால் உணர்வு குறைந்த வெளிறிய தேமலையோ அவர் முதலில் கண்டுவிடலாம். அந்தத் தேமல் தொழுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். மருந்தால் முற்றாகக் குணமாகும், அரச வைத்தியசாலையில் இலவசம். கிரீம் பூசி மறைத்தால் நரம்பு போய்விடும்.

முகத்திலோ கழுத்திலோ செல் துண்டு இன்னும் இருக்கும் பெண்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தை அழுத்தக் கூடாது, மின்சாரக் கருவி எதையும் வைக்கக் கூடாது. தீக்காயத் தழும்பில் ஆவியும் தேய்ப்பும் வேண்டாம். தழும்புக்கு இரத்தினபுரி போதனா வைத்தியசாலை வைத்தியர்களிடம் காட்டுவது நல்லது. கண்ணை மூடப் பிடிக்காவிட்டால் மூட வேண்டாம், விளக்கு எரியட்டும் என்று கேளுங்கள். ஆவியை வேண்டாமென்றால் அவர்கள் காசைக் குறைக்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக மசாஜை ஐந்து நிமிடம் கூட்டித் தரச் சொல்லலாம்.