உஷார்! உங்கள் கீபோர்டின் சாவி பென்டிரைவில் கிடக்கிறது

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை இது. நேற்று விண்டோஸில் இணைத்த ப்ளூடூத் கீபோர்டு இன்று லினக்ஸில் செத்துக் கிடக்கும். புதிதாக இணைக்கும் ஒவ்வொரு முறையும் 128 பிட் ரகசியச் சாவி ஒன்று பிறக்கிறது. கம்ப்யூட்டரின் ப்ளூடூத் முகவரி ஒன்றுதானே? கீபோர்டு புதுச் சாவியை வாங்கிக்கொண்டு பழையதைத் தூக்கி எறிந்துவிடுகிறது.

இதற்கு ஊரறிந்த வைத்தியம், விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் சாவியை எடுத்து லினக்ஸில் ஒட்டுவது. பலிக்கும், நானும் செய்திருக்கிறேன். வினை அதற்குப் பிறகுதான். விண்டோஸ் அந்தச் சாவியை அட்மினுக்குக்கூடக் காட்டாமல் சிஸ்டம் கணக்குக்குள் பூட்டி வைக்கிறது. நாமோ மல்லுக்கட்டி வெளியே எடுத்து, டவுன்லோட்ஸிலும் பென்டிரைவிலும் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். "இது சரியா பாருங்க" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்களும் உண்டு. சாவியின் அந்த 32 எழுத்துகளை மறைக்க வேண்டும் என்று தோன்றுவதே இல்லை!

சாவி கையில் இருப்பவர், ப்ளூடூத் எட்டும் தூரத்தில் உட்கார்ந்து உங்கள் கீபோர்டாக வேஷம் போடலாம். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேட்காது. நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைக் காற்றிலேயே பிடித்துப் படிக்கவும் வழி உண்டு.

லினக்ஸில் சாவி இருப்பது வெறும் எழுத்துக் கோப்பாக. ரூட்டுக்கு மட்டும்தான் அனுமதி என்று நிம்மதி அடையாதீர்கள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகவில்லையென்றால், லைவ் பென்டிரைவ் ஒன்றைச் செருகி பூட் செய்பவர் எவரும் அதைத் திறந்து படிக்கலாம். பேக்கப்பிலும் அது போய் உட்கார்ந்திருக்கும்.

அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். 2023 டிசம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர் மார்க் நியூலின் வெளியிட்ட ப்ளூடூத் ஓட்டைக்குச் சாவியே தேவைப்படவில்லை. உங்களைக் கேட்காமலே ஒரு போலிக் கீபோர்டு லினக்ஸோடு ஒட்டிக்கொள்ள முடிந்தது.

சாவி எங்கோ நழுவியிருக்கும் என்று சந்தேகமா? கோப்பை அழித்தால் மட்டும் போதாது. கம்ப்யூட்டரில் அந்தக் கீபோர்டை நீக்குங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும். கீபோர்டிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். புதுச் சாவி வந்ததும் பழையது செல்லாக்காசு. பழைய கம்ப்யூட்டரை விற்கப்போகிறவர்கள், விற்பதற்கு முதல் நாளே அதிலிருந்து கீபோர்டை நீக்கிவிடுங்கள்.