கடலடியில் உறங்கும் மரக்கலங்கள்

கடலைக் கண்ணாற் காணாத மேட்டு நிலத்தில் அமைந்த ஊர் ஓசூர். கருநாடக எல்லையை ஒட்டிய இவ்வூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் வழியில் இன்று தொழிற்சாலைகள் பல விளங்குகின்றன. அவற்றிற்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலோ, பொருது மாண்ட வீரர்களின் உருவைத் தாங்கிய நடுகற்கள் நிற்கின்றன. இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் இரும்புப் பொருள்கள் கிடைத்தன. அங்கே இரும்பு வழங்கிய காலம் கி.மு. 2172 அளவிற்குச் செல்லும் என்று 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. கல் நின்றது, இரும்பும் எஞ்சியது. ஆனால் நம் முன்னோர் மரத்தாற் செய்தவற்றுள் நம் கைக்கு வந்து சேர்ந்தவை மிகச் சிலவே.

யான் இப்பகுதிப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்த நாளில், ஒருநாள் கப்பலைக் குறிக்கும் சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி, திமில் எனப் பட்டியல் நீண்டது. அப்பொழுது மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இத்தனை பெயர்கள் இருக்கின்றனவே! அக்கலங்களுள் ஒன்றையேனும் இன்று காண முடியுமா?” என்று வினவினான். சொற்களைக் காட்ட முடிந்த எனக்கு, ஒரு பலகையைக் காட்ட முடியவில்லை. அவ்வினாவிற்குரிய விடையை ஈண்டுக் காண்போம்.

கடலில் மூழ்கிய மரக்கலத்திற்குப் பகைகள் பல. அலை அதனை உடைக்கும், நீரோட்டம் சிதறடிக்கும். வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்து உண்ணும் ஓர் உயிர் மிகுதியாக வாழ்கிறது. கப்பற்புழு என்பது அதன் பெயர். புழுவெனப் பெயர் பெற்றாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்ததே. வெளியே தெரியும் மரத்தை அது சில ஆண்டுகளிலேயே சல்லடைக் கண்களாக்கிவிடும். ஆயின், சேற்றில் விரைந்து புதைந்த பகுதிக்கு இத்தீங்கு இல்லை. சேற்றினுள் உயிர்வளி புகாமையால் அவ்வுயிர் அங்கே வாழாது. கப்பலைத் தன்பால் மறைத்துக்கொண்ட சேறே அதனைக் காக்கும் பெட்டகமாகிறது. 1545ஆம் ஆண்டில் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலை 1982ஆம் ஆண்டில் மேலே எடுத்தனர். அப்பொழுது சேற்றில் புதைந்திருந்த ஒரு பக்கமே பெரும்பாலும் எஞ்சியிருந்தது.

சேறு காக்கிறது, ஆனால் அதுவே மறைக்கவும் செய்கிறது. நம் கீழைக் கடற்கரையில் ஆறுகள் ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நீர் கலங்கியிருத்தலால் மூழ்கிச் செல்வோர்க்குக் கைத்தொலைவும் தெரியாத இடங்கள் உண்டு. ஒலியலையைச் செலுத்தி அடித்தளத்தின் மேடுபள்ளங்களை அறியும் கருவி உண்டு. இரும்பைக் காட்டும் காந்தமானியும் உண்டு. ஆனால் இந்தியப் பெருங்கடலில் ஓடிய பழைய கலங்கள் பல, ஆணியின்றித் தென்னங்கயிற்றாற் பலகைகளைத் தைத்துக் கட்டப்பெற்றவை. இரும்பில்லாக் கலத்தின் பலகைகளைக் காந்தமானி எவ்வாறு காட்டும்? எனவே மரம் அழிந்த இடத்திலும் அழியாது கிடக்கும் சரக்கே பெரும்பாலும் கப்பலின் இருப்பிடத்தை நமக்கு உணர்த்துகிறது.

இதற்குப் பூம்புகார் ஒரு சான்று. காவிரி கடலொடு கலக்கும் அவ்விடத்தில், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் பழைய நகரின் எச்சங்களைத் தேடி ஆராய்ந்தனர். அக்கடற்பகுதியில் உடைந்த கப்பலொன்றின் எச்சங்களை அவர்கள் கண்டனர். அங்குக் கிடைத்த ஈயக் கட்டிகளில் பிளாக்கெட் என்னும் பெயரும், 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பொறிக்கப்பெற்றிருந்தன. 1792இல் வார்த்த கட்டியைச் சுமந்த கப்பல் அதற்கு முன் மூழ்கியிருத்தல் இயலாதன்றோ? இவ்வாறு ஓர் ஈயக் கட்டி கப்பலின் காலத்தைக் கணக்கிட உதவியது.

இலங்கையின் தென்கரையிலுள்ள கொடவாய என்னுமிடத்தில் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. 2003ஆம் ஆண்டில் சங்கு குளிக்கும் மீனவர்களே அங்குள்ள கப்பற்சிதைவை முதலிற் கண்டனர். அது முப்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடந்தது. கண்ணாடிக் கட்டிகளும், மட்கலங்களும், கல்லாற் செய்த அரைக்கும் பலகையும் அங்கே இருந்தன. அக்கப்பல் ஏறத்தாழ 2000 ஆண்டுகட்கு முற்பட்டதென ஆய்வாளர் கணித்துள்ளனர். இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்ட கப்பற்சிதைவுகளுள் மிகப் பழமையானது அதுவே. கருவிகளுக்கு முன்னே கடலை நன்கறிந்த எளிய மக்களின் கண்ணே அதனைக் கண்டது.

கண்ட கப்பலை உடனே மேலே எடுத்தாலென்ன என்று சிலர் எண்ணலாம். அங்கேதான் பெரும் இடர் உள்ளது. நெடுங்காலம் நீரிற் கிடந்த மரத்தின் உட்பொருளை நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்றுவிடுகின்றன. அவ்வெற்றிடங்களை நீர் நிரப்பி நிற்பதால் மரம் வடிவு குலையாது தோன்றுகிறது. அதனை வெயிலிற் போட்டால், நீர் வற்றியதும் காய் வற்றலாவதுபோலச் சுருங்கும், பிளந்து உருக்குலையும். பின்னர் அதனை மீட்கும் வழி இல்லை.

சுவீடன் நாட்டின் வாசா என்னும் போர்க்கப்பல் 1628ஆம் ஆண்டில், தன் முதற்பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. உப்புக் குறைந்த பால்டிக் கடலில் கப்பற்புழு வாழாமையால் அது பெரிதும் முழுமையாகக் கிடந்து, 1961ஆம் ஆண்டில் மேலே எடுக்கப்பெற்றது. நீரிற் கரையும் மெழுகு போன்ற பொருளொன்றை அதன்மீது 17 ஆண்டுகள் இடைவிடாது தெளித்தனர். மரத்தினுள் நீர் நின்ற இடத்தில் அம்மெழுகு சென்று தங்கியது. அத்துடன் துன்பம் தீர்ந்ததா? இல்லை. மரத்தில் ஊறியிருந்த கந்தகம் அமிலமாக மாறுவது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. துருப்பிடித்த இரும்பு அம்மாற்றத்தை விரைவாக்கியது. ஆதலின் 5000க்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளைக் களைந்து, துருவேறா எஃகாணிகளைப் பொருத்தினர். ஒரு கப்பலை எடுப்பது ஒரு நாட் செயல். அதனைக் காப்பதோ தலைமுறைதோறும் தொடரும் கடமை.

ஆதலாற்றான், மூழ்கிய பழம்பொருள்களைக் கிடந்த இடத்திலேயே வைத்துக் காத்தலை முதல் வழியாகக் கருதுக என்று 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை கூறுகிறது. அளந்து, படம் எடுத்து, குறித்துக்கொண்டு, மீண்டும் மணலால் மூடிவிடுவதும் ஒரு காவலே. எடுக்காமல் விடுதல் அறியாமை அன்று. பொறுமையின் பயனறிந்த அறிவு.

கடலில்லா ஊரினர்க்கு இதில் என்ன வேலை என்று எண்ண வேண்டா. நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையைக் கடந்து, கடலூரருகே கடலொடு கலக்கிறது. அதன் கரையிலோ, தூர் வாரும் ஏரியிலோ சேற்றுள் புதைந்த பழைய மரப்பொருள் ஒன்று வெளிப்படலாம். அதனைக் கயிறு கட்டி இழுக்கலாகாது, வெயிலில் உலர்த்தலுமாகாது. ஈரச் சேற்றால் மூடி வைத்து, தொல்லியல் துறையினர்க்கோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தார்க்கோ அறிவித்தல் வேண்டும். அன்றியும், ஓசூர்த் தொழிற்சாலைகளில் எஃகையும் வேதிப்பொருளையும் கையாளக் கற்கும் இளைஞர் கைத்திறன், நாளை ஒரு பழங்கலத்தைக் காக்கவும் பயன்படும்.

அன்று வினவிய அம்மாணவனுக்கு இன்று யான் கூறும் விடை இதுவே: பழங்கலங்கள் சில இன்னும் இருக்கின்றன. சேறு அவற்றை நமக்காகப் பல நூற்றாண்டுகள் காத்து வைத்துள்ளது. நம் அவசரத்தால் அவற்றை ஒரே நாளில் அழிக்காதிருப்போமாக!