பூஞ்சையின் ஆகாரமும் அதன் சவ்வும்

கொல்கத்தாவை அடுத்த நியூ டவுனில் 2011-இல் தொடங்கப்பெற்ற டாடா மெடிக்கல் சென்டர் போன்ற புற்றுநோய் மருத்துவமனைகளில், மருந்துச் சிகிச்சையால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குன்றிப்போன நோயாளிகளுக்கு, மூல வியாதியோடு கான்டிடா முதலிய பூஞ்சைகளும் பிராணாபாயமாக வந்து வாய்ப்பதுண்டு. அவற்றை எதிர்க்கும் ஔஷதங்களிற் பல, பூஞ்சையின் உயிரணுச் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்பையே இலக்காகக் கொண்டவை. ஆம்போடெரிசின் அதைப் பற்றிச் சவ்வின் கட்டுக்கோப்பைக் குலைக்கிறது. ஃபுளுகோனசோல் அது உண்டாவதையே தடுக்கிறது. நம் உயிரணுக்களில் அதன் ஸ்தானத்தில் கொலஸ்டெரால் இருப்பதே இச்சிகிச்சைக்கு ஆதாரம்.

ஆயினும் அந்தச் சவ்வு, பிறவியிலேயே வகுத்து முடிந்த வஸ்து அன்று. கிடைக்கும் ஆகாரத்துக்கேற்ப அதன் சேர்மானம் மாறுகிறது. ஆக்ஸிஜன் சிறிதுமின்றி ஈஸ்டை வளர்க்க முயன்ற ஆண்ட்ரியாசன், ஸ்டையர் என்னும் இருவர், சர்க்கரை எவ்வளவு இருந்தும் தளர்ந்து நின்ற அது, எர்கோஸ்டெராலும் ஒலீயிக் அமிலமும் சேர்த்தபின் தழைத்ததை 1953, 1954-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். ஏனெனில் அவ்விரண்டையும் தானே சமைத்துக்கொள்ள ஈஸ்டுக்கு ஆக்ஸிஜன் இன்றியமையாதது. பாஸ்பேட் அருகிய காலத்திலோ, சில பூஞ்சைகள் பாஸ்பரஸ் கலவாத வேறொரு கொழுப்பைக் கொண்டு சவ்வை நிறைவு செய்துகொள்கின்றன.

தேமலுக்கும் பொடுகுக்கும் தொடர்புடைய மலாசீஷியாவின் கதை இன்னும் விசித்திரமானது. கொழுப்பு அமிலத்தை ஆக்கும் நொதி அதனிடம் இல்லாமையால், நம் தோலின் எண்ணெயையே நம்பி வாழ்கிறது. ஆய்வுக்கூடத்தில் அகாரின் மேல் ஆலிவ் எண்ணெய் வார்த்தால்தான் அதன் பெரும்பாலான இனங்கள் முளைக்கும், வெறுந்தட்டில் ஒன்றும் தோன்றாது. நெடுநாள் நரம்பு வழியே கொழுப்புத் திரவம் ஏற்றப்பெற்ற ஒரு சிசுவின் நுரையீரல் இரத்தக் குழாய்களில் இப்பூஞ்சை பற்றியிருந்ததை 1981-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். உயிர் காக்க ஊட்டிய உணவே அதற்கும் உணவாயிற்று.

நம் நாட்டில், டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ராஜேந்திர பிரசாத், மருந்தைக் கான்டிடாவின் உயிரணுவிலிருந்து வெளியே தள்ளும் சிடிஆர்1 புரதத்தின் மரபணுவை 1995-இல் பெல்ஜிய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து விவரித்தார். சவ்வின் எர்கோஸ்டெரால் குலைந்தால் அப்புரதம் தன் இடத்தில் சரிவர அமையாது என்பது அவருடைய குழுவினர் பின்னர்க் கண்ட விசேஷம்.

என் மனத்தை மிகவும் உறுத்துவது கான்டிடா கிளாப்ராட்டா. தன் எர்கோஸ்டெரால் உற்பத்தியை மருந்து தடுத்துவிட்டாலும், இரத்தத்திலுள்ள கொலஸ்டெராலை உள்வாங்கிச் சவ்வில் சேர்த்துப் பிழைக்கும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. மருந்தின் வலிமையைச் சோதிக்க வழக்கமாகக் கையாளும் ஆர்.பி.எம்.ஐ. 1640 ஊடகத்திலோ கொலஸ்டெராலே இல்லை. ஆகவே, குழாயில் அடங்கிய பூஞ்சை நோயாளியின் உடலில் அடங்காதபோது, நோயாளியின் இரத்தத்தை ஒத்த சீரம் கலந்த ஊடகத்திலும் அதை ஒருமுறை வளர்த்துப் பார்ப்பது அவசியம் என்றே கருதுகிறேன்.