மழையே இல்லாத நிலாவில் மலை ஏன் சரிகிறது?

1972 டிசம்பரில் அப்போலோ 17 பயணத்தில் யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் நிலாவின் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். நிலாவில் கால் பதித்த பன்னிரண்டு பேரில் ஜியாலஜியைத் தொழிலாகக் கொண்டவர் ஷ்மிட் ஒருவர்தான். பள்ளத்தாக்கின் தெற்கே 2 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலை. அதன் அடிவாரத்திலிருந்து சமதளத்தின் மேல் சுமார் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு வெளிறிய மண் பரவிக் கிடந்தது. மலையிலிருந்து சரிந்து வந்த மண் அது.

நம் ஊரில் நிலச்சரிவு என்றால் முதலில் மழையைத்தான் காரணம் சொல்வோம். அடுத்து, சாலைக்காகவும் விடுதிக்காகவும் மலையை வெட்டியவர்களைச் சொல்வோம். நிலாவில் மழையும் இல்லை, மலையை வெட்ட ஆளும் இல்லை. அப்படியானால் அங்கே மண்ணைத் தள்ளியது எது?

எடையும் உராய்வும்

சரிவில் இருக்கும் மண்ணை அதன் எடையே கீழே இழுக்கிறது. மண்துகள்களை ஒன்றோடொன்று அழுத்தி, உராய்வால் பிடித்து நிறுத்துவதும் அதே எடைதான். நிலாவின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. அதனால் இழுவிசை குறைகிறது; பிடிமானமும் அதே அளவுக்குக் குறைகிறது. களத்தில் நெல்லைக் கொட்டினால் குவியல் ஒரு கோணம் வரைதான் நிற்கும், அதற்கு மேல் கொட்டுவது வழிந்துவிடும். அந்தக் களத்தை நிலாவுக்கே கொண்டுபோனாலும் கோணம் பெரிதாக மாறாது. உலர்ந்த மண்ணுக்கு அது ஏறக்குறைய 30 முதல் 35 டிகிரி.

பூமியில் இந்தக் கணக்கைக் குலைப்பது நீர். அது மண்ணின் எடையைக் கூட்டுவதோடு, துகள்களுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்கி உராய்வையும் குறைத்துவிடுகிறது. நீலகிரியில் சார்னோகைட் பாறை காலங்காலமாகச் சிதைந்து, தடித்த செம்மண் போர்வையாக மாறியிருக்கிறது. அதில் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள கெட்டிப் பாறையைத் தாண்டிப் போக முடியாமல் தேங்குகிறது. மேலே இருக்கும் மண் அந்த இடத்தில் வழுக்குகிறது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இப்படித்தான் பலியானார்கள்.

சுருங்கும் நிலா

நீர் இல்லாத நிலாவில் பிடியைத் தளர்த்துவது அதிர்வு. நிலாவின் உட்பகுதி மெல்லக் குளிர்ந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது. மேலோடு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் உடைந்து, ஒரு பக்கம் மற்றொன்றின் மேல் ஏறி மேடாகிறது. டாரஸ்-லிட்ரோவின் குறுக்கே ஓடும் லீ-லிங்கன் மேடு அப்படி உருவானதுதான். அப்போலோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த நிலநடுக்கமானிகள் 1977 வரை ஆழமற்ற நடுக்கங்கள் 28-ஐப் பதிவுசெய்தன. அவற்றில் பெரியவை ரிக்டர் 5-ஐ ஒட்டியவை. நிலாவில் நடுக்கம் வந்தால் பத்து நிமிடத்துக்கு மேலும் நீடிக்கக்கூடும்.

நிலாவின் டைக்கோ பள்ளத்தை உண்டாக்கிய மோதலில் சிதறிவந்த கற்கள் தாக்கியே அந்தத் தெற்கு மலை சரிந்தது என்று நெடுங்காலம் கருதினார்கள். 2025-இல் விஞ்ஞானிகள் தாமஸ் வாட்டர்ஸும் நிக்கலஸ் ஷ்மெரும் வெளியிட்ட ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. பள்ளத்தாக்கில் உருண்டு கிடக்கும் பாறைகளையும் மண்சரிவுகளையும் ஆராய்ந்த அவர்கள், கடந்த 9 கோடி ஆண்டுகளில் லீ-லிங்கன் பிளவில் ஏற்பட்ட ரிக்டர் 3 அளவிலான நடுக்கங்களே அவற்றுக்குக் காரணமாகலாம் என்றார்கள். மனிதர்களை மீண்டும் அனுப்பத் திட்டமிட்டிருக்கும் தென்துருவப் பகுதியின் சில சரிவுகளும் நடுக்கத்தில் சரியக்கூடியவை என்று 2024-இல் வாட்டர்ஸ் குழு எச்சரித்திருந்தது.

ஒரே பாடம்

காரணம் மழையானாலும் நடுக்கமானாலும் ஆபத்தை அளக்கும் முறை ஒன்றே. சரிவின் கோணம், மண்ணின் தன்மை, பிளவுகள், பழைய சரிவுகளின் தழும்பு ஆகியவற்றை வானிலிருந்து பார்த்து வரைபடமாக்குகிறார்கள். நிலாவின் மேல் சுற்றும் சந்திரயான்-2 கேமராவுக்கு 25 சென்டிமீட்டர் அளவுள்ள பொருளும் தெரியும்.

பூமியில் இதே வேலையைச் செய்வது இந்தியப் புவியியல் ஆய்வு மையம். நாடு முழுவதும் சரியக்கூடிய மலைப்பகுதிகளை அது வரைபடமாக்கியிருக்கிறது. மழையளவையும் சேர்த்துக் கணித்து நீலகிரிக்கு முன்னறிவிப்பும் தருகிறது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் 250-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சரிவு சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 8 கிலோமீட்டர் தூரம் ஓடியது. அதே இடத்தில் முன்பே ஒரு சரிவு ஏற்பட்டிருந்ததை இஸ்ரோவின் பதிவுகள் காட்டின. ஒருமுறை சரிந்த மலை மறுபடி சரியக்கூடும் என்பது இத்துறையின் பாலபாடம்.

நிலாவில் இறங்கிய சந்திரயான்-3 தரையிறங்கு கலம் 12 டிகிரி சாய்வு வரைதான் தாங்கக்கூடியதாக இருந்தது. அதற்கு மேல் சாய்ந்த இடத்தில் இறங்கக் கூடாது என்பதில் பேரமே இருக்கவில்லை. ஆளில்லாத கலத்துக்கே இவ்வளவு கறார் காட்டுகிறோம். மலையூர்களில் சாலைக்கும் கட்டடத்துக்கும் அனுமதிக் கையெழுத்து போடுமுன் சரிவு வரைபடத்தை விரித்துப் பார்க்கும் கறாரும் வேண்டும். இல்லையென்றால் அந்த வரைபடம் அலுவலக அலமாரியில் இன்னொரு காகிதம்தான்.