வடகடலும் தென்கடலும்: எதில் மீன் அதிகம்?

மண்டபத்தில் வடக்கே நோக்கி நின்றால் ஒரு கடல்; சிறிது தூரம் தெற்கே நடந்தால் வேறொரு கடல். வடகடல் என்று மீனவர்கள் சொல்வது பாக் விரிகுடா. அது ஆழமற்றது, பெரும்பகுதி பதினைந்து மீட்டரைத் தாண்டாது. தென்கடல் என்பது மன்னார் வளைகுடா. ஆழமும் பவளப் பாறைகளும், தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகளும் உடையது. அத்தீவுகளில் இரண்டு இப்பொழுது நீருள் அமிழ்ந்துவிட்டன. இவ்விரு கடல்களில் எதில் மீன் மிகுதி, எதில் குறைந்து வருகிறது என்று கேட்டால், இராமநாதபுரத்தில் டீக்கடைக்கு ஒரு விடை கிடைக்கும். ஆனால், நேயர்களே, கணக்கு அவ்வளவு சுலபமாக வாய் திறப்பதில்லை.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் சென்னையில் தோன்றி, 1949-ல் மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம்மவர்களை நிறுத்தி வைத்து, நோய் உண்டா என்று சோதித்து அனுப்பிய முகாம் அது. மனிதர்களை எண்ணி அனுப்பிய இடத்தில் மீன்களை எண்ணும் வித்தை வளர்ந்தது என்பது விந்தைதான். 1971-ல் தலைமை அலுவலகம் கொச்சிக்குப் போய்விட்டது; பிராந்திய நிலையம் மண்டபத்திலேயே இருக்கிறது.

கடலில் உள்ள மீனை யாரும் எண்ண முடியாது. கரைக்கு வருவதையாவது முழுவதும் எண்ணலாமென்றால், 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 407 மீன் இறங்கு துறைகள். ஆகவே, வங்காளத்துச் சணல் விளைச்சலை மதிப்பிட 1937 முதல் மகலனோபிஸ் கையாண்ட மாதிரிக் கணக்கு முறையின் இனத்தைச் சேர்ந்த ஒரு முறையையே நம் விஞ்ஞானிகள் கடலுக்கும் அமைத்தார்கள். கடற்கரையைப் பகுதிகளாகப் பிரித்து, மாதத்தைப் பத்துப் பத்து நாளாக மூன்று கூறாக்கி, சீட்டுக் குலுக்கியதுபோல் நாட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கெடுப்பவர் முதல் நாள் பகல் 12 மணி முதல் மாலை 6 மணி வரையும், மறுநாள் காலை 6 மணி முதல் 12 மணி வரையும் துறையில் நிற்பார். இடைப்பட்ட இரவின் வரவை விசாரித்தே அறிவார். வந்தவை 15 படகுகளுக்கு மேற்படாவிட்டால் எல்லாவற்றையும் பார்ப்பார். மிகுந்தால் விதிப்படி சிலவற்றை மட்டும் பார்த்து மற்றவற்றைப் பெருக்கிக் கொள்வார்.

மாநிலம் முழுவதற்கும் என்றால் இந்த முறை நன்றாகவே நிற்கிறது. தொல்லை தொடங்குவது, அதையே இரண்டாகப் பிளந்து வடகடலுக்கு எவ்வளவு, தென்கடலுக்கு எவ்வளவு என்று கேட்கும்போதுதான். மாதிரி நாலில் ஒரு பங்காகக் குறைந்தால், பிழை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். உதாரணத்திற்கு, ஒரு மாதத்தில் வடக்கே 112 டன், தெற்கே 100 டன், ஒவ்வொன்றிலும் பத்து டன் முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12 டன். அந்த வித்தியாசத்தின் பிழையோ பத்தல்ல, சுமார் 14! வடகடலே பெரிது என்று மார்தட்டியவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

உள்ளூர் வழக்கங்களும் கணக்கில் புகுந்து விளையாடும். பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்று ஓர் ஏற்பாடு பல ஆண்டுகளாக உண்டு. குலுக்கலில் விழுந்த நாள் எவருடைய நாள் என்று பாராமல் பெருக்கினால், ராமேசுவரம் ஒரு மாதம் செல்வச் சீமையாகவும் மறுமாதம் பஞ்சப் பிரதேசமாகவும் தோன்றும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை; தடை நீங்கிய முதல் வாரத்தை முந்திய மாதத்தோடு ஒப்பிடுவதும் இவ்வகைதான்.

இன்னொன்று. மீன் இறங்கிய துறை வேறு, பிடிபட்ட இடம் வேறு. 1974 ஒப்பந்தப்படி வகுத்த கடல் எல்லையைத் தாண்டிப் பிடித்த இறாலும் ராமேசுவரத்தில் இறங்கினால் ராமேசுவரத்துக் கணக்கிலேயே சேரும். வடகடலின் நம் பக்கம் இன்னும் செழித்திருப்பதாக அந்த எண் சொல்லும். வலையை வீசியவர் வேறு கதை சொல்வார். எங்களுக்கு அவர் கதையிலேயே நம்பிக்கை அதிகம்.

இது வெறும் வித்வான்களின் சர்ச்சை அன்று. 2017-ல் பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகளைக் கொடுப்பதென்று சர்க்கார் திட்டமிட்டது. படகு அதிகமா, மீன் குறைவா என்ற தீர்ப்பு இத்தகைய மதிப்பீடுகளின் மேல்தான் நிற்கிறது. அந்தத் தீர்ப்பின் கீழே எத்தனையோ வீடுகளின் அடுப்பு எரிகிறது.

தென்கடலிலே, 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவுகளைச் சுற்றி, மூச்சடக்கி முழுகிப் பாசி பறிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையைத் துழாவிப் பறித்ததைக் கரையில் உலர்த்தி வியாபாரிக்கு நிறுக்கிறார்கள். படகு படகாக மீனை எண்ணும் முறையில், மாதிரியை எவ்வளவு பெருக்கினாலும் அவர்களுடைய மூட்டை அகப்படாது. துறையில் நிற்கும் கணக்கர் பகல் 12 மணிக்கு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது, அவர்களில் பலர் கழுத்தளவு நீரில் நிற்பார்கள்.