வானளந்த கதை – 14: ரோகிணி மறையும் நொடி

ஆடிக் கிருத்திகை இரவில் திருத்தணி தூங்குவதில்லை. சரவணப் பொய்கையில் முழுகி, பூக்காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ‘அரோகரா’ என்று 365 படிகளையும் ஏறுகிறது கூட்டம். தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும் அந்தப் படிகளில், விடியலுக்கு முன் கிழக்கே திரும்பிப் பாருங்கள். மேகம் வழிவிட்டால் தேய்பிறை நிலா தெரியும். அருகே சிறு கொத்தாகக் கார்த்திகை மீன்கள். சற்றுக் கீழே செம்மையாக ஒற்றை மீன். அதுதான் ரோகிணி.

மறுநாள் நிலா ரோகிணிக்குப் போய்விடும். பஞ்சாங்கம் சொல்வதும் அதைத்தான். சில ஆண்டுகளில் அது ரோகிணியையே மூடிக் கடக்கும். 2015 முதல் 2018 வரை, மாதந்தோறும் பூமியின் ஏதோ ஒரு பகுதியில் இது தெரிந்தது. விண்மீனின் பருமன் அகப்படுவது அந்த மறைவில்தான்.

போன வாரம் தூரத்தை அளந்தோம். பருமன் தெரிய, அந்தத் தூரத்தில் மீன் எவ்வளவு அகலமாகத் தோன்றுகிறது என்பதும் வேண்டும். பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. ரோகிணியின் அகலம் வெறும் 0.02 விகலை. திருத்தணி மலைமேல் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தைப் பெங்களூரிலிருந்து பார்த்தால் எவ்வளவோ, அவ்வளவு!

நிலாவில் காற்று இல்லை. விளிம்பு கத்திபோல் கூர்மை. அது நொடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது. நேராகக் கடந்தால் ரோகிணியை முழுதாக மூட 0.04 நொடி. அணையும் முன் அதன் ஒளி சுடர்போலத் துடிக்கும். விளிம்பில் ஒளியலை வளைவதால் வரும் துடிப்பு அது. புள்ளியளவு மீன் என்றால் துடிப்பு ஆழமாயிருக்கும். பருத்த மீன் என்றால் மழுங்கும். இந்தத் துடிப்பே பருமனை மறைத்துவிடும் என்று 1909-இல் எழுதினார் வானியலாளர் எடிங்டன். அதன் மழுங்கலே பருமனைச் சொல்லும் என்பது 1939-இல் தெளிவானது.

ரோகிணியின் தூரம் சுமார் 65 ஒளியாண்டு. கோணத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் குறுக்களவு ஏறத்தாழ 6 கோடி கிலோமீட்டர். நம் சூரியனைப் போல 40 மடங்குக்கும் மேல்.

ராஜஸ்தானின் அபு மலையில், குருசிகரத்து 1.2 மீட்டர் தொலைநோக்கியில் அகச்சிவப்புக் கருவி பொருத்தி, அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் பல செம்மீன்களை இப்படி அளந்திருக்கிறார்கள். மறைவைக் கவனிப்பதில் நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்துக்கும் பெருமை உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனைக் கடந்தபோது, அதன் வளையம் ஒளியைத் தடுத்தது காவலூர் 1 மீட்டர் தொலைநோக்கியிலும் பதிவானது.

நிலா எந்த மீனோடு நிற்கிறது என்று தினமும் பார்த்துத்தான் நம் முன்னோர் நாளுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பாதையில் மகமும் சித்திரையும் கேட்டையும் ரோகிணியைப் போலவே நிலாவுக்குள் அகப்படும். ஆனால் திருவாதிரை எட்டி நிற்கிறது. நிலா அதை மறைப்பதே இல்லை.

அதை 1920-இல் எப்படி அளந்தார்கள்? அடுத்த வாரம்.

(தொடரும்)