வாழைப்பழத்தில் இல்லாத விஷம் கிழங்கில் வந்தது எப்படி?

கிழங்கு ஏழை வீட்டு உணவு. கொல்லையில் தோண்டலாம், அவித்துத் தின்னலாம். ஆனால், கொல்லையில் கிழங்கு நடுவதற்கு முன்னால் மண்ணைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டிய ஊர்களும் உலகத்தில் இருக்கின்றன!

அவை குவாதலூப், மார்த்தினிக் என்ற இரண்டு தீவுகளில் உள்ளன. மேற்கு இந்தியத் தீவுகளில் இருக்கும் இவை, பிரான்சு நாட்டைச் சேர்ந்தவை. 1850-களில் இருந்து புதுச்சேரி, காரைக்கால் பக்கத்தில் கப்பல் ஏறிய தமிழர்கள், அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

வண்டுக்கு வைத்த மருந்து

இந்தத் தீவுகளில் வாழை முக்கியமான பயிர். வாழைக்கு எதிரி கூன்வண்டு. அது வாழையின் கிழங்கைத் துளைத்துவிடும். மரம் சாய்ந்துவிடும்.

அதைக் கொல்ல 1972-ல் ஒரு மருந்து வந்தது. அதன் பெயர் குளோர்டெக்கோன். தொழிலாளர்கள் அந்தத் தூளைக் கையால் அள்ளி மரத்தடியில் தூவினார்கள்.

1975-ல் அமெரிக்காவில் ஹோப்வெல் என்ற ஊரில் இந்த மருந்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குக் கைகால் நடுங்கியது. தொழிற்சாலை மூடப்பட்டது. பக்கத்தில் ஓடும் ஜேம்ஸ் ஆற்றில் மீன் பிடிக்கவும் தடை வந்தது.

அப்படி இருந்தும், 1981-ல் பிரான்சு அரசாங்கம் மறுபடியும் இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது! 1990-ல் தடை விதித்தது. தீவுகளில் மட்டும் 1993 வரை உபயோகம் நடந்தது.

கீழே விஷம், மேலே சுத்தம்

மருந்தை நிறுத்தி 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. விஷம் இன்னும் மண்ணில் இருக்கிறது. அது எளிதில் அழியாது. தண்ணீரிலும் அதிகம் கரையாது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

வாழைக்குலை உயரத்தில் இருக்கிறது. விஷம் அவ்வளவு தூரம் ஏறுவதில்லை. ஆகவே, கப்பலில் ஏறி வெளிநாடு போன பழம் சுத்தமாக இருந்தது. அதே மண்ணில் பிறகு நட்ட சேப்பங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் மண்ணுக்குள்ளேயே வளர்ந்தன. விஷம் அவற்றில் சேர்ந்தது. அதைத் தின்றவர்கள் உள்ளூர் மக்கள்!

2013, 2014-ம் ஆண்டுகளில் பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 90 பேருக்கு மேல் இந்த விஷம் காணப்பட்டது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக 2010-ல் ஓர் ஆராய்ச்சி கூறியது. 2021-ல் பிரான்சு அரசாங்கம், மருந்தோடு புழங்கிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வரும் இந்த நோயைத் தொழில் நோயாக ஏற்றுக்கொண்டது.

எதை நடலாம்?

விஷ மண்ணிலும் எல்லாப் பயிரும் ஆபத்தானதல்ல. மாமரம், தக்காளி, கத்தரி, அவரை ஆகியவை நடலாம். கீரை வகையிலும் வெள்ளரி, பூசணி போன்ற கொடிகளிலும் எச்சரிக்கை வேண்டும். கிழங்கு, முள்ளங்கி, காரட் ஆகியவற்றைச் சுத்தமான மண்ணில்தான் நட வேண்டும்.

கோழியும் அப்படித்தான். அது மண்ணைக் கொத்தித் தின்னும். முட்டையில் விஷம் சேரும்.

காவல் காக்கும் எரு

மக்கிய எருவை மண்ணில் நிறையச் சேர்த்து ஆராய்ச்சியாளர்கள் சோதனை செய்தார்கள். விஷம் எருவோடு ஒட்டிக்கொண்டது. முள்ளங்கியிலும் வெள்ளரியிலும் ஏறிய விஷம் குறைந்தது.

ஆனால், எரு விஷத்தை அழிப்பதில்லை, கட்டித்தான் வைக்கிறது. எரு நாளாக நாளாகக் கரைந்துபோகும். ஆகவே, மறுபடியும் எரு போட வேண்டும்.

சமையலறையிலும் ஒரு காவல் உண்டு. கிழங்கின் தோலில்தான் விஷம் அதிகம். தோலைக் கனமாகச் சீவி எறிந்தால் விஷம் குறையும்.

வண்டைக் கொல்லத் தாத்தா தூவிய தூள் இது. இன்று பேரன் ஒரு பிடி மண்ணைப் பையில் போட்டுச் சோதனைக்கு அனுப்புகிறான். பதில் வந்த பிறகுதான் அந்த வீட்டில் கிழங்கு நடுவார்கள்.